வண்டி வராத தீவில் ஒரு பிறந்தநாள்

1

எனக்கு இரண்டு பிறந்தநாள்கள் உண்டு. ஒன்று என் அம்மா என்னைப் பெற்ற நாள். ஆடி மாதம், கார்த்திகை நட்சத்திரம், வெயில் தாழ்ந்த நேரம் என்று அவள் சொல்வாள். இன்னொன்று பிள்ளையார்பாளையத்துப் பள்ளிக்கூடத்தில் தலைமையாசிரியர் என்னைப் பெற்ற நாள். அது ஜூன் ஒன்று. என்னைச் சேர்க்கப் போன அப்பாவுக்குத் தேதி தெரியவில்லை. ஆடியில் பிறந்தவன் என்று மட்டும் சொல்லியிருக்கிறார். ஐந்து வயது நிரம்ப இன்னும் இரண்டு மாதம் இருக்கிறதே என்று தலைமையாசிரியரே விரல் விட்டு எண்ணி, ஜூன் ஒன்றைப் போட்டு என்னை வகுப்புக்குள் தள்ளிவிட்டார். எங்கள் வகுப்பில் பாதிப் பேர் ஜூன் முதல் வாரத்தில்தான் பிறந்தோம். மற்ற மாதங்களில் எங்கள் தெருப் பெண்கள் பிள்ளை பெறுவதையே நிறுத்தி வைத்திருந்தார்கள் போலிருக்கிறது.

அந்தப் பள்ளிக்கூடத்தின் பழைய மாணவர்கள் மலர் போடுகிறார்களாம். அமெரிக்க வாழ்க்கையைப் பற்றி நாலு பக்கம் எழுதச் சொல்லிக் கடிதம் வந்தது. வீட்டு வாசலில் காரோடு நிற்கும் படம் ஒன்றும் கேட்டிருந்தார்கள். படம் அனுப்பவில்லை. எழுத உட்கார்ந்தால் இதுதான் வருகிறது. என் அண்ணன் இறந்து பதினோரு வருடம் ஆகிறது. அவர் இறந்த காரணத்தில் எனக்குள்ள பங்கை இத்தனை நாளும் ஒருவரிடமும் சொல்லாமல் இருந்தேன், மனைவியிடம்கூட. இதை எழுதலாமா என்று அண்ணியிடம் கேட்டேன். அம்மாவைக் குறைவாக எழுதக் கூடாது என்று ஒரே ஒரு நிபந்தனை போட்டுச் சம்மதித்தார். முடிந்தவரை அப்படியே எழுதுகிறேன்.

2

கலிபோர்னியாவில் எங்கள் வீட்டில் கொண்டாடுவது ஜூன் ஒன்றைத்தான். பாஸ்போர்ட்டும் லைசென்ஸும் அதைத்தான் சொல்கின்றன. இந்த வருடம் அதற்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை என் மகள் நித்யா, கேக் கிடையாது, சட்டை கிடையாது, உங்களை ஒரு இடத்துக்குக் கூட்டிப் போகப் போகிறேன் என்றாள். அவளுக்கு வயது பதின்மூன்று. அவள் ஆங்கிலத்தில் பேசுவாள், நான் தமிழில் பேசுவேன். நடுவில் விழுவது விழுந்த இடத்திலேயே கிடக்கும். அவள் பேசியதை இங்கே தமிழில் எழுதுகிறேன். எழுதும்போதுதான், இவ்வளவு தமிழ் அவள் வாயிலிருந்து வந்ததே இல்லை என்பது உறைக்கிறது.

இடம், வளைகுடாவின் நடுவில் இருக்கும் ஏஞ்சல் தீவு. முழுவதும் பூங்கா. பொதுமக்கள் கார் கொண்டுபோக முடியாது. படகில் போய் இறங்கி நடக்கலாம், அல்லது சைக்கிள் ஓட்டலாம். தீவைச் சுற்றி ஒரு பாதை, அதற்கு மேலே மலையை ஒட்டி ஒரு மண் பாதை. அந்த மண் பாதையில் ஓட்டுவதற்கென்றே தடித்த டயரும் இருபத்துநாலு கியரும் உள்ள சைக்கிள்கள் இருக்கின்றன.

எங்கள் வீட்டில் சைக்கிள் என்பது சாதாரணப் பேச்சு இல்லை. நித்யா தெருவில் சைக்கிள் ஓட்டக் கூடாது என்பது நான் போட்ட சட்டம். அவளுடைய தோழிகள் எல்லாம் சைக்கிளில் பள்ளிக்கூடம் போவார்கள். நான் அவளைக் காரில் கொண்டுபோய் விடுவேன். பிறந்தநாளுக்கு யாரோ கொடுத்த இரண்டு சைக்கிள்கள் எங்கள் கார் கொட்டகையில் நிற்கின்றன. இரண்டுக்கும் அவள் இப்போது பெரியவள். டயரில் புது ரப்பரின் முடிகூட உதிரவில்லை. என் மனைவி மாலதி, அண்ணன் நினைப்பில் இவர் இப்படி இருக்கிறார் என்று மகளைச் சமாதானப்படுத்தி வைத்திருந்தாள்.

"அங்க கார் கிடையாதுப்பா, ஒண்ணுகூட கிடையாது, நான் பாத்துட்டேன்" என்றாள் நித்யா. எனக்குப் பயம் சைக்கிளைப் பார்த்து இல்லை, மற்ற வண்டிகளைப் பார்த்துத்தான் என்று அவளாகவே கண்டுபிடித்து, அதற்கு ஏற்ற இடத்தையும் தேடிப் பிடித்திருந்தாள். எப்படி மறுப்பது? மாலதிக்கு முழங்கால் வலி. எலுமிச்சஞ்சாதம் கட்டிக் கொடுத்துவிட்டு வீட்டிலேயே இருந்துகொண்டாள்.

சைக்கிள் வாடகைக்கு எடுக்கும் இடத்தில் ஒரு படிவம். விழுந்தால் நானே பொறுப்பு, செத்தாலும் நானே பொறுப்பு என்று பக்கத்துக்குப் பக்கம் கையெழுத்து. கடைக்காரப் பையன் அதைப் பார்த்துவிட்டு, "மிஸ்டர் முனுசாமி" என்று கூப்பிட்டான். முனுசாமி என் அப்பா. இனிஷியலை விரித்து எழுதச் சொன்னபோது அவர் பெயர் குடும்பப் பெயராகிவிட்டது. செங்கல்பட்டைத் தாண்டாத மனிதர், பதினாலு வருடமாக அமெரிக்காவில் என் ஆபீசுக்கும் வங்கிக்கும் பல் டாக்டரிடமும் போய்வருகிறார். குமரவேல் என்ற என்னை இங்கே யாருக்கும் தெரியாது.

3

அண்ணன் பெயர் ஏகாம்பரம். என்னைவிட ஒன்பது வயது மூத்தவர். பட்டுக்குச் சாயம் போடும் பட்டறையில் வேலை. அவர் விரல்களை வைத்தே அந்த வாரம் என்ன நிறத்துக்குக் கிராக்கி என்று சொல்லிவிடலாம். அப்பா போன பிறகு எனக்குப் பரீட்சைக்குப் பணம் கட்டுவது, கல்லூரியில் கொண்டுபோய்ச் சேர்ப்பது எல்லாம் அவர்தான். விடுதியில் என்னை விட்டுவிட்டுக் கிளம்பும்போது பச்சை விரலோடு வார்டனுக்குக் கை கொடுத்தார். வார்டன் தன் கையைப் பார்த்துக்கொண்டதையும் நான் கவனித்தேன். அன்றைக்கு எனக்கு வெட்கமாக இருந்தது. இப்போது அந்த வெட்கத்தை நினைத்து வெட்கமாக இருக்கிறது.

அண்ணனைப் போல மெதுவாகச் சைக்கிள் ஓட்டுகிற ஆள் காஞ்சிபுரத்திலேயே இருந்திருக்க மாட்டார். தெருவில் ஆமை என்றே கூப்பிடுவார்கள். எங்கள் பக்கத்தில் காலை வேளையில் தெருவின் நீளத்துக்குப் பட்டு இழைகளை இழுத்துக் கட்டிப் பாவு போட்டிருப்பார்கள். அந்த நேரத்தில் சைக்கிளில் வருகிறவர்கள் இறங்கி, ஓரமாகத் தள்ளிக்கொண்டு போவது வழக்கம். அண்ணன் இரண்டு தெரு தள்ளிப் பாவு போட்டிருந்தாலே இங்கே இறங்கிவிடுவார். என்னைப் பாரில் உட்கார வைத்துக்கொண்டு அவர் ஓட்டும்போது நடந்து போகிறவர்கள் எங்களைத் தாண்டிப் போவார்கள். எனக்கு மானம் போகும். வேகமாகப் போ என்று தொடையைக் கிள்ளுவேன். "எங்கடா அவசரம்?" என்பார்.

தொண்ணூற்றெட்டில் எங்கள் கிரீன் கார்டு விண்ணப்பம் நடந்துகொண்டிருந்தது. பிறப்புச் சான்று வேண்டும் என்று கெடு வைத்துக் கடிதம் வந்தது. எங்கள் வயதுக்காரர்களிடம் ஏது பிறப்புச் சான்று? பதிவேட்டில் உங்கள் பெயர் இல்லை என்று ஊரில் எழுதி வாங்கி, கூடவே பெரியவர்கள் இரண்டு பேரிடம் உறுதிமொழிப் பத்திரம் வாங்கி அனுப்புவதுதான் எல்லாரும் செய்கிற காரியம். அண்ணனிடம் போனில் சொன்னேன். நான் சொன்னதில் பிறப்புச் சான்று என்பது மட்டும்தான் அவர் காதில் நின்றிருக்கிறது.

பட்டறைக்கு லீவு போட்டுவிட்டு நகராட்சி ஆபீசில் போய்ப் போய் நின்றிருக்கிறார். அம்மாவிடம் நட்சத்திரத்தைக் கேட்டு, ஐயரிடம் பழைய பஞ்சாங்கம் பார்த்துத் தேதியைக் குறித்துக்கொண்டு போய், அந்த வருடத்துப் பழைய பதிவேட்டை எடுக்க வைத்து, என்னைக் கண்டுபிடித்துவிட்டார். பெயர் இல்லை, 'ஆண் குழந்தை' என்று மட்டும் இருந்தது. அப்பா பெயர், தெருப் பெயர் எல்லாம் சரி. சான்று வாங்கித் தபாலில் அனுப்பினார். அதன் ஓரத்தில் அவருடைய கட்டைவிரல் அடையாளம் அரக்கு நிறத்தில் பதிந்திருந்தது.

தேதி ஆகஸ்ட் மாதம். பாஸ்போர்ட்டில் ஜூன் ஒன்று. வக்கீல் ஆபீசில் இருந்த உதவியாளர், இரண்டும் ஒத்துப்போகவில்லையே, பெரிய சிக்கலாகலாம் என்று தலையை ஆட்டினார். அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. வேலை போய்விடும், பெண்டாட்டி பிள்ளையோடு மூட்டை கட்டிக்கொண்டு திரும்பிப் போக வேண்டியிருக்கும் என்று பயந்துவிட்டேன்.

எங்கள் தெருமுனை எஸ்.டி.டி. பூத்துக்குக் கூப்பிட்டால் அவர்கள் அண்ணனுக்கு ஆள் அனுப்புவார்கள். கண்ணாடிக் கூண்டுக்குள் வந்து பேசினார். "இந்தச் சான்று வேணாம். பதிவேட்டுல என் பேரே இல்லன்னு எழுதி வாங்கு. என்ன எழுதணும்னு இங்கிலீஷ்ல சொல்றேன், எழுதிக்கோ" என்றேன்.

அண்ணன் நான் சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டார். பிறகு, "இருக்கிறத இல்லன்னு எழுதச் சொல்றியேப்பா. நானே கூட நின்னு பாத்தனே. அந்த ஆபீஸ் ஆளுகிட்ட போய் எந்த மூஞ்சிய வெச்சிக்கினு கேக்கறது?" என்றார்.

எனக்குக் கோபம் தலைக்கேறியது. உன்னை யார் பதிவேட்டைத் தேடச் சொன்னது என்று கத்தினேன். அதோடு விட்டிருக்கலாம். "நான் இங்க நல்லா இருக்கிறது உனக்குப் பிடிக்கலன்னா நேரா சொல்லிடு" என்றேன்.

நாளைக்கே போகணும், நாளைக்கே ஃபேக்ஸ் பண்ணணும் என்று இரண்டு தடவை சொல்லிவிட்டுப் போனை வைத்தேன். என் அண்ணனிடம் நான் பேசிய கடைசிப் பேச்சு அது.

4

மறுநாள் மாசி அமாவாசை. காலை பத்து மணிவாக்கில் காந்தி ரோட்டில் ஒரு மணல் லாரி அண்ணனை அடித்துவிட்டது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வழியிலேயே உயிர் போய்விட்டது. எதிரே டீக்கடையில் இருந்தவர் எங்கள் தெருக்காரர். ஏகாம்பரம் அவ்வளவு வேகமாகச் சைக்கிள் ஓட்டி அவர் பார்த்ததே இல்லையாம். அந்த வார்த்தையை அம்மாதான் போனில் என்னிடம் சொன்னாள்.

அண்ணன் ஏன் அந்த நேரத்தில் காந்தி ரோட்டில் போனார் என்பதற்கும் அம்மாவே காரணம் சொன்னாள். அமாவாசைப் படையலுக்கு வாழைக்காய் இல்லை என்று அண்ணி அவரை மார்க்கெட்டுக்கு விரட்டினாராம். அண்ணியே அப்படித்தான் எல்லாரிடமும் சொல்லி அழுதிருக்கிறார். அம்மா போனில் கதறினாள். "ஒரு வாழக்காய்க்கு என் புள்ளைய அனுப்பி வெச்சா. வயித்துலயும் ஒண்ணு வெக்கல, இருந்தவனையும் வாரி குடுத்துட்டா."

எனக்குப் புரிந்துவிட்டது. வாழைக்காய்க்குப் போகிற மனிதர் ஏன் வேகமாகப் போகப் போகிறார்? அவர் நகராட்சி ஆபீசுக்குத்தான் போனார். போகிற வழியில் மார்க்கெட் என்று அண்ணி அதையும் சொல்லி அனுப்பியிருப்பார் என்று நினைத்துக்கொண்டேன். இல்லைம்மா, அவர் என் வேலையாகப் போனார் என்று அப்போதே சொல்லியிருக்க வேண்டும். வாயில் வந்தது. வெளியே வரவில்லை.

சாவுக்கும் நான் போகவில்லை. விண்ணப்பம் நடக்கும்போது உத்தரவு இல்லாமல் நாட்டை விட்டு வெளியே போனால் எல்லாம் ரத்தாகிவிடும் என்றார் வக்கீல். பிறகு, பிறந்த தேதி விஷயத்தில் அவரே நேரில் ஒன்று சொன்னார். பள்ளிக்கூடத்தில் தேதி மாற்றிப் போட்டுவிட்டார்கள் என்று உங்கள் தாயார் ஒரு உறுதிமொழிப் பத்திரம் கொடுத்தால் போதும், உண்மையான சான்றே நல்லது என்றார். அண்ணன் தேடிப் பிடித்த காகிதமே போதுமாக இருந்தது. அவர் மறுபடி வீட்டை விட்டுக் கிளம்பியிருக்கவே வேண்டாம்.

அந்தப் பத்திரத்தையும் நான் வாங்கினேன். கருமாதி முடிந்து நாலாம் நாள் அண்ணிக்குப் போன் செய்து, புதிதாக ஒன்று கேட்கிறார்கள் என்று பொய் சொன்னேன். அண்ணி அம்மாவை நோட்டரியிடம் அழைத்துப் போய்க் கைரேகை வைக்க வைத்து, பதிவுத் தபாலில் அனுப்பினார். கிரீன் கார்டு வந்தது. இங்கே நண்பர்கள் கேக் வெட்டினார்கள். நான் ஒரு துண்டு தின்றேன்.

அம்மா அதற்குப் பிறகு ஒன்பது வருடம் இருந்தாள். அண்ணியும் அதே வீட்டில்தான். இரண்டு பெண்கள், ஒரே கூரை, இரண்டு அடுப்பு. அம்மா அண்ணியோடு ஒரு வார்த்தை பேசவில்லை. ஞாயிறுதோறும் நான் போன் செய்வேன். அம்மா அண்ணியைத் திட்டுவாள். "விடும்மா, போனது போச்சி" என்பேன். எவ்வளவு பெருந்தன்மை! அண்ணி நெசவாளர்களுக்குத் தார்க்குச்சியில் நூல் சுற்றிக் கொடுத்துக் காலத்தை ஓட்டினார். ஊருக்குப் போகும்போதெல்லாம் இந்தத் தடவை சொல்லிவிடுவது என்று விமானத்திலேயே வாக்கியத்தைத் தயார் செய்துகொண்டு போவேன். அம்மாவுக்கு நெஞ்சு பலவீனம், தாங்க மாட்டாள் என்று எனக்கு நானே டாக்டராகித் தீர்ப்புச் சொல்லிவிட்டுத் திரும்பி வருவேன். இரண்டு வருடத்துக்கு முன் அம்மாவும் போய்விட்டாள். அப்போதும் சொல்லவில்லை.

5

தீவில் இறங்கியதும் ஏற்றம். இருபத்துநாலு கியரில் எதைப் போட்டால் லேசாக இருக்கும் என்று எனக்குத் தெரியவில்லை. நித்யா பக்கத்தில் வந்து சொல்லிக் கொடுத்தாள். ஒரு சுற்று முடிவதற்குள் மூச்சு வாங்கி, சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடந்தேன். அவள் மேலே போய்க் காத்திருப்பாள். நான் போய்ச் சேர்ந்ததும் மறுபடி கிளம்பிவிடுவாள். யூகலிப்டஸ் வாசனை, கீழே கடல், தூரத்தில் பாலத்தின் மேல் மூடுபனி. எங்கேயும் ஹாரன் சத்தம் இல்லை. என் மகள் கைப்பிடியை விட்டுவிட்டு இரண்டு கையையும் விரித்துக்கொண்டு இறக்கத்தில் போனதைப் பார்த்தேன். அவளுக்கு எப்போது இதெல்லாம் கற்றுக்கொள்ள நேரம் கிடைத்தது? தோழிகளின் சைக்கிளை எனக்குத் தெரியாமல் ஓட்டியிருக்கிறாள். அந்த நிமிடம் கோபம் வரவில்லை.

வடக்குப் பக்கத்தில் ஒரு பழைய மரக் கட்டடம். கப்பலில் வந்து இறங்கிய சீனர்களை அந்தக் காலத்தில் அங்கே வாரக்கணக்காக, சில சமயம் மாதக்கணக்காக அடைத்து வைத்து விசாரித்திருக்கிறார்கள். உன் ஊரில் உன் வீட்டுக்கு எத்தனை படி, கிணறு எந்தப் பக்கம், அண்ணன் பிறந்த தேதி என்ன என்றெல்லாம் கேட்பார்களாம். ஊரில் இருக்கும் சொந்தக்காரர் சொன்ன பதிலோடு ஒத்துப்போகாவிட்டால் திருப்பி அனுப்பிவிடுவார்களாம். நித்யா பலகையை வாசித்துவிட்டு, "இதெல்லாம் யாருக்குப்பா ஞாபகம் இருக்கும்?" என்று கேட்டாள். நான் தண்ணீர் குடிக்கிற சாக்கில் வெளியே வந்துவிட்டேன்.

அங்கிருந்து மேலே மண் பாதை. நித்யா முன்னே போனாள். ஒரு வளைவில் எதிரே ஒரு சின்ன டிரக் வந்தது. கார் இல்லாத தீவிலும் பூங்கா ஊழியர்களுக்கென்று ஒன்றிரண்டு வண்டி உண்டு. அது எங்களுக்குத் தோன்றவில்லை. நடந்து போகிற வேகத்தில்தான் வந்தது. ஓட்டி வந்த பெண்மணி எங்களைப் பார்த்ததும் ஓரம்கட்டி நிறுத்திவிட்டுக் கையை அசைத்தார். நித்யாவும் கையை அசைத்தாள். ஆபத்து என்று சொல்ல ஒன்றுமே இல்லை.

எனக்கு டிரக்கின் முன்பக்கம் மட்டும்தான் தெரிந்தது. "அண்ணா, நில்லு! அண்ணா!" என்று அலறிக்கொண்டு போய் என் மகளின் கைப்பிடியைப் பிடித்து இழுத்தேன். இரண்டு பேரும் விழுந்தோம். அவள் முழங்கை சிராய்ந்து ரத்தம் வந்தது. அந்தப் பெண்மணி இறங்கி ஓடி வந்து, மருந்து போட்டுக் கட்டுக் கட்டினார். என்னைப் பார்த்து, ஐயா நீங்கள் நலமா என்று மூன்று தடவை கேட்டார்.

அவர் போன பிறகு பாதை ஓரத்தில் உட்கார்ந்தோம். நித்யா அழவில்லை. "யாரைப்பா கூப்பிட்டீங்க?" என்று கேட்டாள்.

சொன்னேன். எதையும் விடாமல் சொன்னேன். தமிழில் ஆரம்பித்து, அவளுக்குப் புரியாத இடங்களில் ஆங்கிலத்துக்குப் போய், மறுபடி தமிழுக்கு வந்து, ஒரு வழியாக முடித்தேன். பதினோரு வருடம் பெரியவர்களிடம் சொல்ல முடியாததை ஒரு குழந்தையின் தலையில் இறக்கி வைக்கிறோமே என்று பாதியில் தோன்றியது. நிறுத்த முடியவில்லை.

அவள் என்னைத் தேற்றவில்லை. தன் முழங்கைக் கட்டையே பார்த்துக்கொண்டு கேட்டுவிட்டு, "அப்போ பெரியம்மா, தான்தான் காரணம்னு நெனச்சிட்டு இருக்காங்களா?" என்றாள்.

ஆமாம் என்றேன்.

"இன்னைக்கு வரைக்கும்?"

ஆமாம்.

"பாட்டி அவங்ககூட பேசாம இருந்ததும் இதனாலதானா?" ஏழெட்டு வயதில் ஊருக்கு வந்திருந்தபோது, பாட்டி ஏன் பெரியம்மாவோடு பேசுவதில்லை என்று அவள் என்னிடம் கேட்டிருக்கிறாள். வயதாகிவிட்டது, அப்படித்தான் இருப்பார்கள் என்று நான் பதில் சொல்லியிருக்கிறேன். அவளுக்கு அந்தப் பதில் ஞாபகம் இருந்தது. எனக்கு அது மறந்திருந்தது.

நித்யா எழுந்து தன் சைக்கிளை நிமிர்த்தினாள். "இன்னைக்கே சொல்லுங்க. நீங்க சொல்லலன்னா நான் சொல்லுவேன். எனக்கு அவ்வளவு தமிழ் வராது. ஆனாலும் சொல்லுவேன்" என்றாள். படகு வரும் வரை கட்டிக்கொண்டு போன எலுமிச்சஞ்சாதத்தைப் பிரிக்கவே இல்லை.

6

வீட்டுக்கு வந்து முதலில் மாலதியிடம் சொன்னேன். அவள் போனைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தாள்.

இங்கே ஞாயிறு மாலை ஏழு மணி. அங்கே திங்கள் காலை ஏழரை. அண்ணி இரண்டாவது மணியிலேயே எடுத்தார். குழந்தை எப்படி இருக்குது, மாலதி கால் வலி எப்படி இருக்குது என்று வழக்கமான கேள்விகள். நான் நடுவில் புகுந்து, ஒரு விஷயம் சொல்லணும், இடையில பேசாம கேளுங்க அண்ணி என்று ஆரம்பித்தேன். விமானத்தில் தயார் செய்த வாக்கியம் எதுவும் உதவவில்லை. அண்ணன் உங்க வேலையா போகல, என் வேலையா போனாரு, நான்தான் விரட்டினேன் என்றேன். போனில் நான் சொன்ன அந்தக் கடைசி வார்த்தையையும் சொன்னேன். சொல்லி முடித்தபோது அண்ணி அழுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டுவார் என்றும் எதிர்பார்த்தேன்.

"எனக்குத் தெரியும் தம்பி" என்றார்.

எப்படி என்று கேட்டேன்.

"ஆஸ்பத்திரில அவர் சட்டைய குடுத்தாங்க. ஜோபில காயிதம் இருந்துது. நீங்க போன்ல சொன்ன இங்கிலீஷ தமிழ் எழுத்துல எழுதி வெச்சிருந்தாரு. மேல உங்க பேரு. அத்தை பாக்கறதுக்கு முன்னாடி எடுத்து இடுப்புல சொருவிக்கினேன். அப்புறம் அடுப்புல போட்டுட்டேன்."

அப்படியானால் வாழைக்காய் என்று ஏன் சொன்னீர்கள் என்று கேட்டேன்.

"கேக்கறவங்களுக்கு ஏதாவது சொல்லணும் இல்ல? வாழக்கா முந்தின நாளே வாங்கியாச்சி. முறத்துல இருந்துது. யாரும் பாக்கல. அத்தைக்கு ரெண்டு புள்ளைங்க. ஒருத்தரு போயிட்டாரு. இருக்கிற ஒருத்தர் மேலயும் வெறுப்பு வந்துட்டா அவங்க எப்படி தம்பி உயிரோட இருப்பாங்க? நான் வந்தவதானே, என்னைத் திட்டிக்கினு இருக்கட்டும்னு விட்டுட்டேன்."

நான் அழ ஆரம்பித்திருந்தேன். மாலதியும் நித்யாவும் எதிரே உட்கார்ந்திருந்தார்கள். மன்னிச்சிடுங்க அண்ணி என்றேன். அண்ணி அடுப்பில் ஏதோ இருக்கிறது என்று போய் இறக்கி வைத்துவிட்டு வந்தார். வந்து, எப்போதும் பேசுகிற அதே குரலில் சொன்னார்.

"நீங்க ஊருக்கு வர்ற ஒவ்வொரு தடவையும் சொல்லுவீங்கன்னு பாத்துக்கினு இருந்தேன். எனக்காக இல்ல. கடைசி அன்னிக்கு அத்தைய பாத்துக்கிற பக்கத்து வீட்டம்மா கோயிலுக்குப் போயிருந்தாங்க. தண்ணி தண்ணின்னு கேட்டாங்க. நான் டம்ளர்ல எடுத்துக்கினு போனேன். என் கைய பாத்துட்டு வாய மூடிக்கினாங்க. அந்தம்மா திரும்பி வர்றதுக்குள்ள முடிஞ்சி போச்சி. நீங்க ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, குடிச்சிருப்பாங்க தம்பி."